முதல் ஓட்டு மரியாதை

உக்காருங்க தாயி, எந்திரிக்காதீங்க. நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை. இந்தச் செம்புல இருக்கிறது வெறும் தண்ணி. உங்களுக்கு ஊர்க்காரங்க எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சட்டமாமே, வாசல்ல நிக்கிற போலீஸ்காரத் தம்பி மறிச்சாப்புல. "தண்ணிக்குமாய்யா சட்டம்?"னேன். சிரிச்சுக்கிட்டே விட்டுட்டாப்புல. குடிங்க. நம்ம ஊர்க் கிணத்துத் தண்ணி. சுத்துப்பட்டுல இப்படி ஒரு தண்ணி கிடையாது. காபித்தண்ணி போட்டா சீனியே வேணாம்.

நீங்கதான் நாளைக்கு இந்தப் பூத்துக்குப் பெரிய ஆபீசராமே. எந்த ஊரு? கும்மோணமா? சரி சரி. அந்தப் பக்கத்து ஆளுகளுக்கு எங்க சீமைப் பழக்கம் கொஞ்சம் புதுசா இருக்கும். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். ஒரு விண்ணப்பமும் இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன். எடுத்த எடுப்புல கேட்டா, கிழவனுக்குக் கிறுக்குன்னு நினைப்பீங்க.

எம்பேரு உடையப்பன். மாவிலங்கேந்தல் மேலக்கரைக்கு நான்தான் தலைக்கட்டு, தலைவன் மாதிரி. இங்க கரைன்னா பங்காளி வகையறா. மேலக்கரை நாங்க, கீழக்கரை சேவுகன் வகையறா. ரெண்டே கரைதான். தெற்குத் தெருவுல சனம் இருக்கு, ஆனா அவுகளுக்குக் கரை கிடையாது. கரை இல்லாதவனுக்கு என்ன கவலை, நிம்மதியா இருக்கான். எங்களுக்குத்தான் நாலு தலைமுறையா ஒரே ரோதனை.

என்ன ரோதனைன்னு கேளுங்க. எங்க அய்யனாருக்குப் புரவி எடுப்பு நடக்கும். மண்குதிரை செஞ்சு, ஊரே தூக்கிட்டுப் போய்க் கோயில்ல வைக்கிற திருவிழா. அன்னைக்குப் பூசாரி சாமிக்குக் கட்டின பட்டுத்துணியை எடுத்து ஒரு ஆளு தலையில கட்டுவாரு. அதுதான் பரிவட்டம். முதல் பரிவட்டம் எந்தக் கரைக்கு? எங்களுக்குத்தான். சேவுகனைக் கேட்டா அவங்களுக்குன்னுதான் சொல்லுவான். ஆளு இப்ப உசுரோட இல்லை, அதனால நான் சொல்றதை நீங்க நம்பித்தான் ஆகணும்.

எங்க பூட்டன் காலத்துல வெட்டுக்குத்து ஆச்சு. தாத்தன் காலத்துல கோர்ட்டுக்குப் போச்சு. மதுரையில எங்களுக்கு ஜெயம். மெட்ராஸ்ல அவங்களுக்கு ஜெயம். விடுவோமா? லண்டனுக்குப் போட்டோம். ஆமா தாயி, லண்டனுக்குத்தான்! சீமையில ராஜாவுக்குப் பக்கத்துலயே ஒரு கவுன்சில் இருந்துச்சாம்ல, அங்கதான் கேசு கிடந்துச்சு. எங்க அய்யாவுக்கு அதுல ஒரு பெருமை. "நம்ம அய்யனார் கப்பல் ஏறிட்டாருடா"ம்பாரு. கண்மாய்க்குக் கீழ இருந்த நஞ்சையெல்லாம் அதுக்குள்ள கரைஞ்சு போச்சு. போகட்டும். மண்ணு இன்னைக்கு வரும் நாளைக்குப் போகும், மரியாதை போனா வருமா?

தீர்ப்பு இந்தா வருது அந்தா வருதுன்னு கண்ணு பூத்துப்போய் உக்காந்திருக்கோம், வந்துச்சு பாருங்க சுதந்திரம்!

நான் தப்பாச் சொல்லலை. சுதந்திரம் வரட்டும், யாரு வேணாம்னா? ஒரு ஆறு மாசம் பொறுத்து வந்திருக்கலாம். இருநூறு வருசம் இருந்தவன், கையில இருக்கிற கேசை முடிச்சுட்டுப் போகக் கூடாதா? பாதிச் சவரத்துல கத்தியை மடக்கிட்டு எந்திரிச்சுப் போறவனை என்ன சொல்றது? அப்புறம் சிவகங்கையில வக்கீல் சொல்லிட்டாரு, இனிமே லண்டனுக்கு வழக்கே கிடையாது, எல்லாம் டெல்லியோட சரின்னு. டெல்லிக்காரனுக்குப் பரிவட்டம்னா என்னன்னு தெரியுமா? எங்க அய்யா அந்த ஏக்கத்துலயே படுத்தாரு. சாகும்போது என் கையைப் பிடிச்சு, "என்ன ஆனாலும் ரெண்டாவதா நிக்காதடா"ன்னாரு. அதுதான் எனக்கு அவரு எழுதி வச்ச சொத்து.

சுதந்திரம் வந்த அன்னைக்குக் கொடி ஏத்தச் சொன்னாங்க. யாரு ஏத்துறது? கடைசியில ஊர்ப் பஞ்சாயத்துப் பேசுற சாவடிக்கு மேற்கால ஒரு கம்பம், கிழக்கால ஒரு கம்பம். ஒரே நேரத்துல ரெண்டு கொடி. இந்தியா பூராவும் தேடினாலும் ரெண்டு கொடி ஏத்தின ஊரு கிடைக்காது. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு.

அப்புறம்தான் ஓட்டு வந்துச்சு. ஐம்பத்திரண்டு, தை மாசம். ராஜா இல்லை, இனிமே நம்மளே ஆளைப் பொறுக்கி அனுப்பணும்னு தண்டோராப் போட்டாங்க. அப்பல்லாம் இப்ப மாதிரி முத்திரை குத்துற வேலை இல்லை. ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல சின்னம். பிடிச்ச பெட்டியில சீட்டைப் போட்டுட்டு வர வேண்டியதுதான். எங்க பக்கம் ரெண்டு பேரு நின்னாங்க. ஒருத்தரு ஜமீன் மருமகன், தராசுச் சின்னம். இன்னொருத்தரு பள்ளிக்கூட வாத்தியாரு, விளக்குச் சின்னம். ஜமீன் மருமகன் வில்வண்டி கட்டி எங்க வீட்டுக்கே வந்தாரு. "உடையப்பா, நான் ஜெயிச்சா முதல் பரிவட்டம் உனக்குத்தான்"னாரு. அவரு மனுசன்! அப்புறம் ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அதே வண்டியில சேவுகன் வீட்டுக்கும் போய் அதையே சொல்லியிருக்காருன்னு. அதை விடுங்க, பெரிய மனுசங்கன்னா நாலு இடம் போகத்தான் செய்வாங்க.

அந்த வாத்தியாரு இருக்காரே, சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தாரு. வந்த ஆளு சாவடிக்கு வரணுமா இல்லையா? நேரா ஊருணிப் பாதைக்குப் போய் நின்னுக்கிட்டாரு. அப்ப இந்தக் கிணறு கிடையாது. பொண்டுக ரெண்டு கல்லு தூரம் நடந்து பக்கத்தூரு ஊருணியில தண்ணி எடுத்துட்டு வருவாங்க. இடுப்புல குடம், தலையில குடம். அந்தப் பாதையில நின்னுக்கிட்டு, "தாயிகளா, ஊருக்குள்ளயே கிணறு வெட்டித் தர்றேன்"னு பேசியிருக்காரு. ஆம்பிளைக்கு ஆம்பிளை பேசத் தெரியாதவன் என்னத்தை ஜெயிக்கப் போறான்னு நாங்க சிரிச்சோம். நாலு தலைமுறையில எங்க ரெண்டு கரையும் ஒத்துப்போன விசயம் அது ஒண்ணுதான். ஊரு ஓட்டு அம்புட்டும் தராசுக்குன்னு பேச்சு.

யாருக்குங்கிறது தீந்துபோச்சு. யாரு முதல்லங்கிறதுதான் தீரலை.

சாவடியில பேசிப் பார்த்தோம், முடிவே வரலை. முதல் ஓட்டு போடுறவன் கரைதான் முதல் கரைன்னு ஆயிப்போகும். சர்க்கார் பெட்டியில விழுந்த ஓட்டு, லண்டன் தீர்ப்புக்குச் சமானம் இல்லையா? அன்னைக்கு எனக்கு இருபத்தஞ்சு வயசு, கல்யாணம் ஆகி ரெண்டு வருசம். எம் பொண்டாட்டி பேரு பொன்னழகு. நான் சோறு இறங்காம உக்காந்திருந்தேன். அவ கிட்ட வந்து உக்காந்து சொன்னா, "நாளைக்கு என்ன ஆனாலும் விட்டுக் குடுத்துறாதீங்க. பொழுது சாயுற வரைக்கும் நின்னாலும் சரி, ரெண்டாவதா மட்டும் உள்ள போகாதீங்க"ன்னு. எங்க அய்யா வாயில வந்த அதே சொல்லு! மத்த வீட்டுல பொண்டுக, "எதுக்கு வம்பு"ன்னு இழுப்பாங்க. எம் வீட்டுல கத்தியைத் தீட்டிக் குடுத்தா தாயி.

இதுல ஒரு வேடிக்கை. சேவுகன் பொண்டாட்டி ராக்கும் அதையேதான் சொல்லியிருக்கா. ஒரு சொல்லு மாறலை. அவன் கடைசிக் காலத்துல ஒரு நாள் என்கிட்ட அதைச் சொன்னான். ரெண்டு பேரும் அன்னைக்கு ரொம்பப் பெருமையாப் பேசிக்கிட்டிருந்தோம், மானம் தெரிஞ்ச பொம்பளைங்க நமக்கு வாச்சாங்கன்னு.

மறுநாள் இதே இடம்தான். அப்பக் கூரைப் பள்ளிக்கூடம். முன்வாசல்ல ஒத்தைக் கதவு. நானும் சேவுகனும் ஒரே சமயத்துல வந்து சேந்தோம். கதவு நிலையில அவன் தோளு இந்தப் பக்கம், என் தோளு அந்தப் பக்கம். எனக்குப் பின்னால மேலக்கரை, அவனுக்குப் பின்னால கீழக்கரை. நடுவுல காத்துக்கூட உள்ள போக முடியாது.

கண்ணாடி போட்ட ஒரு ஆபீசர், பாவம், சின்ன வயசு. "ஐயா, ரெண்டு பேரும் சேந்தே வாங்க"ன்னாரு. ஒத்தைக் கதவுல எப்படிச் சேந்து போறது? "வயசுல மூத்தவர் வரட்டும்"னாரு. சேவுகனும் நானும் ஒரே மாசத்துல பொறந்தவங்க. எவன் மூத்தவன்கிறதுக்கு எங்க ஆத்தாளும் அவங்க ஆத்தாளும் தனியாச் சண்டை போட்டிருக்காங்க. கடைசியில அவரு சட்டைப்பையில கையை விட்டு ஒரு ரூபாயை எடுத்தாரு. "பூவா தலையா போட்டுருவோம். சம்மதமா?"

சம்மதம்னேன். சேவுகன் தலை கேட்டான். நான் பூ. சுண்டி விட்டாரு. கீழ விழுந்து சுத்துது, சுத்துது, எல்லாரும் குனிஞ்சு பாக்குறோம். விழுந்துச்சு தலை.

கீழக்கரைக்காரன் ஓன்னு கத்துறான். ஆனா பாருங்க, அய்யனாரு கண்ணைத் திறந்தாரு. அது பழைய ரூபாய். அதுல இருந்தது யாரு தலை? வெள்ளைக்கார ராஜா தலை!

"செல்லாது!"ன்னேன். "ராஜா போயி அஞ்சு வருசம் ஆச்சு. இன்னமும் அவன் தலையைக் காட்டி எனக்குத் தீர்ப்புச் சொல்லுவியா? அப்புறம் எதுக்குய்யா சுதந்திரம்?"

மேலக்கரைக்காரன் கைதட்டினான் பாருங்க, கூரையில இருந்த புறா எல்லாம் பறந்துருச்சு. தேசத்துக்காக நான் பேசின பேச்சு அது ஒண்ணுதான், ஆனா உருப்படியான பேச்சு. சரி, சிங்கம் போட்ட புது ரூபாய் கொண்டாங்கன்னாங்க. ஊர்ல எவன்கிட்டயும் இல்லை. காரைக்குடிக்கு ஆளை அனுப்பினோம், சைக்கிள்ல. அவன் போனவன் போனவன்தான். பொழுது உச்சிக்கு வந்துருச்சு. நான் நிலையை விட்டு அசையலை. சேவுகனும் அசையலை. பசிச்சுது, பொறுத்துக்கிட்டோம். ஒண்ணுக்குப் போகணும்போல இருந்துச்சு, அதையும் பொறுத்துக்கிட்டோம். ஒரு சமயம் சேவுகன் மெல்லமா, "உடையப்பா, ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிட்டு ஒண்ணா வந்துருவமா?"ன்னான். "நீ முன்னால திரும்பி வந்துட்டா?"ன்னேன். அதோட விட்டுட்டான்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆபீசர் வெளிய வந்தாரு. "வாக்குப்பதிவு முடிஞ்சுது"ன்னாரு.

"முடிஞ்சுதா? ஆரம்பிக்கவே இல்லையே!"ன்னோம், நானும் சேவுகனும் ஒரே குரல்ல.

"காலையில எட்டு மணிக்கே ஆரம்பிச்சாச்சுய்யா. பின்வாசல்ல நல்ல கூட்டம்"ங்கிறாரு.

அப்பத்தான் எட்டிப் பாக்குறோம். எங்க ஊர்ப் பொண்டுகளுக்கு ஒரு பழக்கம் தாயி. நாலு ஆம்பிளை கூடி நிக்கிற இடத்துக்கு முன்னால கடந்து போக மாட்டாங்க, சுத்திக் கொல்லைப் பக்கமாத்தான் போவாங்க. அன்னைக்கும் அப்படியே சுத்திப் போய்ப் பின்வாசல்ல நின்னிருக்காங்க. ஆபீசர் அந்தக் கதவைத் திறந்துவிட்டிருக்காரு. மேலக்கரை கீழக்கரைன்னு பாக்காம எல்லாப் பொண்டுகளும் நின்னிருக்காங்க. அவங்களுக்குத்தான் பரிவட்டமே கிடையாதே, அப்புறம் என்ன முன்னு பின்னு? அவங்களோட தெற்குத் தெரு சனமும் ஆணு பொண்ணு அம்புட்டும் வந்து போட்டுட்டுப் போயிருக்கு. ரெண்டு கரை ஆம்பிளையில ஒருத்தன் ஓட்டுகூட விழலை.

சேவுகன் கேட்டான், "முதல் ஓட்டு யாரு?"

ஆபீசர் சிரிச்சாரு. "ஒரு அம்மா. புருசன் பேரு கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டாங்க. முன்வாசலைக் கையைக் காட்டி, 'அந்தா கத்திக்கிட்டு நிக்கிறாகளே, பச்சைத் துண்டு, அவுகதான்'னாங்க."

பச்சைத் துண்டு என் தோள்ல கிடந்துச்சு தாயி!

எனக்குத் தலைகால் புரியலை. "மேலக்கரைக்கு முதல் ஓட்டு!"ன்னு ஒரு கத்துக் கத்தினேன். எங்க ஆளுக என்னைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டாங்க. சேவுகன் அப்படியே உக்காந்துட்டான். ராக்கு ரெண்டாவது ஓட்டாம், எம் பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டே போயிருக்கா. அய்யா, லண்டன் குடுக்காத தீர்ப்பை எம் பொண்டாட்டி வாங்கிட்டு வந்தாளேன்னு அன்னைக்கு நான் அழுதேன். வீட்டுக்குப் போனா, அவ பாட்டுக்கு அரிசி களைஞ்சுக்கிட்டிருக்கா. விரல்ல மை. "யாருக்குடி போட்ட?"ன்னேன். சிரிச்சா. "அதைச் சொல்லக் கூடாதுன்னு ஆபீசர் சொன்னாரு"ன்னா. நானும் விட்டுட்டேன். தராசுக்குத்தான் போட்டிருப்பா, வேற எதுக்குப் போடப் போறா.

ஆனா ஒண்ணு தாயி, அந்தத் தேர்தல்ல ஏதோ தில்லுமுல்லு நடந்துருக்கு. நான் இன்னைக்கு வரைக்கும் அடிச்சுச் சொல்லுவேன். தராசு தோத்துப்போச்சு. எங்க ஊர்ல விளக்குக்குத்தான் விழுந்துச்சுன்னு பேசிக்கிட்டாங்க. எப்படி விழும்? ஊரே தராசுன்னு சாவடியில முடிவு பண்ணியிருக்கோம். பெட்டியை வழியில மாத்தியிருப்பாங்கங்கிறது சேவுகன் வாதம். எனக்கும் அதுதான் படுது.

அந்த வாத்தியாரு ஜெயிச்சுட்டு, கிணறு வெட்டித்தான் குடுத்தாரு. இல்லைங்கலை. நீங்க குடிச்சீங்களே, இதேதான். ஆனா முதல் வாளி இறைக்க அவரு யாரைக் கூப்பிட்டாரு தெரியுமா? மேலக்கரைத் தலைக்கட்டு நான் நிக்கிறேன், கீழக்கரைத் தலைக்கட்டு சேவுகன் நிக்கிறான். எங்களைத் தாண்டிப் போய்ப் பொன்னழகையும் ராக்கையும் கூப்பிட்டாரு. ரெண்டு பேரும் ஒரு கயித்தையே பிடிச்சு இறைச்சாங்க. எதுக்காக அவங்களைக் கூப்பிட்டாருன்னு எனக்கு விளங்கவே இல்லை. முறை தெரியாத மனுசன்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் அதே கதைதான். மத்த ஆம்பிளைங்க மானத்தை விட்டுட்டு வரிசையில போய் நின்னுட்டாங்க, காலம் மாறிப்போச்சுன்னு. நானும் சேவுகனும் மட்டும் நிக்கலை. ஆனா பொன்னழகு விடமாட்டா. கோழி கூப்பிடக் குளிச்சு, நல்ல சேலை கட்டி, கதவு திறக்கும் முன்னாலயே போயிருவா. முதல்ல அவ, பின்னால ராக்கு. ஒரு தடவைகூடத் தப்பலை. திரும்பி வந்து என்கிட்ட விரலை நீட்டிக் காட்டுவா. "மரியாதை வீட்டுக்கு வந்தாச்சு, சாப்பிடுவமா?"ம்பா. எனக்கு வயிறு குளுந்து போகும். "நீங்களும் ஒரு தடவை போய்ப் போட்டுத்தான் பாருங்களேன்"ம்பா. "ரெண்டாவது ஆளா நான் போகவா?"ம்பேன். சிரிப்பா. இத்தனை வருசம் தாயி, நான் ஓட்டே போட்டதில்லை. எந்த விரல்ல மை வைப்பாங்கன்னு எனக்குத் தெரியும், என் கையில வச்சுப் பாத்ததில்லை.

மாசி மாசம் போயிட்டா. ரெண்டு நாள் காய்ச்சல்தான். வெடுக்குன்னு போயிட்டா. வீட்டுல இருக்கவே பிடிக்கலை தாயி. வெளிய வந்தாலும் பிடிக்கலை.

சேவுகன் எப்பவோ போயிட்டான். அவன் மகன் சிங்கப்பூர்ல இருக்கான். போட்டிக்கு ஆளே இல்லை. நாளைக்கு நான் வந்து நின்னா நான்தான் முதல். ஊரும் அப்படித்தான் நினைக்குது, கிழவன் கடைசியில ஜெயிக்கப் போறான்னு. நேத்து ராக்கு வந்தா. அவளுக்கும் கண்ணு சரியாத் தெரியலை, கம்பு ஊனிக்கிட்டு வந்தா. "அண்ணே, பொன்னழகு நின்ன இடத்துல இந்தத் தடவை நீங்க நில்லுங்க. நான் பின்னாலயே நிக்கிறேன்"னா. கீழக்கரைக்காரி, அவ வாயால சொல்லிட்டா! எங்க அய்யா இருந்திருந்தா மேளம் வச்சிருப்பாரு. நான் ராத்திரி பூரா யோசிச்சேன். அந்த இடத்துல போய் நான் எப்படி நிக்கிறது? அது எங்க கரை வாங்கின இடம்னுதான் இவ்வளவு நாளும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நானா கோழி கூப்பிட எந்திரிச்சேன்? நானா போய் நின்னேன்?

அவ எதுக்குப் போடுவாளோ அதுக்கே போடணும்னு ஆசையா இருக்கு. எதுக்குன்னுதான் தெரியலை. உங்க பட்டியல்ல அதெல்லாம் இருக்காதுல்ல? இருக்காது. தெரியும்.

இப்ப விண்ணப்பத்துக்கு வந்துட்டேன். ஆம்பிளை வரிசையில ஒண்ணு, பொம்பளை வரிசையில ஒண்ணுன்னு மாத்தி மாத்தித்தானே விடுவீங்க? நாளைக்கு ஏழு மணிக்குக் கதவைத் திறந்ததும் ஆம்பிளையை முதல்ல கூப்பிட்டுறாதீங்க. ராக்கை முதல்ல கூப்பிடுங்க. பொன்னழகுக்கு அடுத்தது அவதான் எப்பவும். நான் அவளுக்குப் பின்னால வர்றேன். ரெண்டாவதா. எங்க அய்யா கோவிச்சுக்கிட்டாலும் சரி.

இன்னும் ஒண்ணு. கூரையைப் பிரிச்சுட்டுக் காங்கிரீட் போட்டப்பவும் அந்தப் பின்வாசலை அதே இடத்துலதான் வச்சாங்க. உங்க பெஞ்சு அதை மறைச்சுக்கிட்டுக் கிடக்கு. அதைக் கொஞ்சம் நகத்திப் போட்டுக் கதவைத் திறந்து வைப்பீங்களா? முன்வாசல்ல நான் நின்ன நிலை போதும். அந்த வழியா நான் வந்ததே இல்லை தாயி.